எரியாத வயிறு

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலை அடிவாரத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது சேந்தமங்கலம். இங்கே கடைவீதியில் ஏதாவதொரு மருந்துக் கடையில் காலை நேரத்தில் சற்று ஒதுங்கி நின்றால் போதும். சளி, காய்ச்சலை விட அதிகமாகக் காதில் விழுவது வயிற்றுப் புகார்தான்.

"அண்ணா, விடியக்காலம் எந்திரிச்சதுமே நெஞ்சு கரிக்குதுங்க. போன தடவ குடுத்தீங்களே, அந்த கேஸ் மாத்திரையே ஒரு அட்டை குடுங்க."

"சாப்பிடறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போட்டீங்களா?"

"எங்கீங்க, டீயைக் குடிச்சிட்டுத்தான் போட்டேன்."

அட்டை கை மாறும். அது தீர்ந்ததும் இன்னொன்று. இப்படியே சில வருடம் ஓடிய பிறகு வீட்டில் யாராவது ஒருவர், பெரும்பாலும் படித்த மகளோ மருமகனோ, "ஸ்கோப் பாத்துடலாம்" என்று பிடிவாதமாக நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ கூட்டிப் போவார்கள். தொண்டைக்குள் குழாய் இறக்கி, இரைப்பையைப் படம் பிடித்து, சுவரில் துளியூண்டு சதையைக் கிள்ளி எடுத்து அனுப்புவார்கள். சில நாளில் தாள் வரும். அதில் 'க்ரானிக் கேஸ்ட்ரைடிஸ்' என்று இருக்கும். நாள்பட்ட இரைப்பை அழற்சி. அதற்கு மேல் இணையத்தில் தேடினால் மூன்றாவது வரியிலேயே புற்றுநோய் வந்து நிற்கும். அன்று இரவு வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு பயப்படுகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் பயப்படக் காரணமே இல்லை. ஒரு சிலருக்கு உண்மையிலேயே காரணம் இருக்கிறது. இந்த இரண்டு கூட்டத்தையும் பிரிக்கிற கோடு, எல்லோரும் நினைப்பது போல எரிச்சலின் அளவு அல்ல. சொல்லப்போனால், ஆபத்தான வயிறு பல சமயம் எரிவதே இல்லை.

இதை விளங்கிக்கொள்ள, தமிழ்நாட்டு வயிறுகளின் நூறாண்டு வரலாற்றுக்குள் கொஞ்சம் போய் வரவேண்டும்.

1922இல் எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற பிரிட்டிஷ் குழுவில் ஹோவர்ட் சாமர்வெல் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். மலையிலிருந்து இறங்கியவர் ஊர் திரும்புவதற்கு முன் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். அப்போது தெற்குத் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நெய்யூரில் இருந்த மிஷன் மருத்துவமனைக்கு வந்தார். காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தையும், அத்தனை பேருக்கும் ஒரே மருத்துவர் என்ற நிலைமையையும் பார்த்து அங்கேயே தங்கிவிட முடிவு செய்தார். 1924இல் மறுபடி ஒருமுறை எவரெஸ்டுக்குப் போய் வந்ததைத் தவிர, அவருடைய உழைப்பின் பெரும்பகுதி நெய்யூரில்தான் கழிந்தது. அங்கே அவர் கத்தி வைத்த வயிறுகளில் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வந்தது. இரைப்பையைத் தாண்டியதும் தொடங்கும் முன்சிறுகுடலில் புண். புண் ஆறி, தழும்பு இறுகி, வழி அடைத்து, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வரும் நிலையில்தான் பலர் வந்து சேர்ந்தார்கள். அவரும் உடன் பணியாற்றிய இயன் ஓரும் சேர்ந்து இந்த அனுபவத்தை 1936இல் பிரிட்டிஷ் அறுவை மருத்துவ இதழில் எழுதினார்கள். ஒரு சிற்றூர் மருத்துவமனையிலிருந்து அத்தனை பெரிய நோயாளித் தொகை வந்திருப்பதைப் பார்த்து மேலைநாட்டு மருத்துவர்கள் வியந்தார்கள்.

ஏன் இங்கே மட்டும் இவ்வளவு புண்? அந்தக் காலத்து முதல் சந்தேகம் சாப்பாட்டின் மேல். குன்னூரில் சத்துணவு ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்த ராபர்ட் மக்காரிசன், இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்கள் உண்ணும் உணவையும் அதே பக்குவத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். பஞ்சாப் சீக்கியர்களின் உணவை, அதாவது கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பச்சைக் காய்களைத் தின்ற எலிகளுக்கு வயிற்றில் புண்ணே வரவில்லை. சென்னை மாகாணத்து ஏழைகளின் அரிசி உணவைத் தின்றவற்றில் சுமார் பத்தில் ஒன்றுக்கு வந்தது. மரவள்ளிக் கிழங்கை நம்பி வாழ்ந்த திருவிதாங்கூர் ஏழைகளின் உணவைத் தின்றவற்றில் நான்கில் ஒன்றுக்கும் மேல்.

மரவள்ளி என்றதும் இந்தப் பக்கத்து வாசகர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அதற்குக் குச்சிக்கிழங்கு என்று பேர். ஜவ்வரிசி ஆலைகளின் உயிரே அதுதான். கவலை வேண்டாம். மக்காரிசனின் எலிகளுக்குக் குறையாக இருந்தது கிழங்கோடு சேர வேண்டிய மற்ற சத்துகள். வேகவைத்த கிழங்கைக் காரச் சட்னியோடு ஒரு வேளை சாப்பிடுகிறவருக்கு அந்தச் சோதனை பொருந்தாது.

1951 முதல் 1967 வரை மைசூர் ஹோல்ட்ஸ்வர்த் மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்த ஃபிராங்க் டோவி இதே கேள்வியை இன்னும் விரிவாகத் தொடர்ந்தார். இந்தியா முழுக்க மருத்துவமனைகளை விசாரித்து, எங்கே முன்சிறுகுடல் புண் அதிகம், எங்கே குறைவு என்று ஒரு வரைபடமே போட்டார். அரிசி உண்ணும் தெற்கில் அதிகம். கோதுமை உண்ணும் பஞ்சாபில் குறைவு. ரயில்வே மருத்துவர் மல்கோத்ராவும் 1960களில் வடக்கு, தெற்கு ரயில்வே ஊழியர்களை ஒப்பிட்டு ஏறக்குறைய இதையேதான் சொன்னார். டோவி பிறகு ஜெயராஜ் முதலிய சகாக்களோடு சேர்ந்து, புண்ணைத் தடுக்கும் உணவுகள் எவை என்று எலிகளில் தேடினார். அவர்களுடைய பட்டியலில் தீட்டாத கோதுமையோடு நம் கொள்ளும் இடம்பெற்றது. கொங்கு நாட்டுச் சமையலறைகள் இதைக் கேட்டால் ஆச்சரியப்படாது. ஆனாலும் எலியில் கண்டதை வைத்துக்கொண்டு கொள்ளுப் பருப்பே மருந்து என்று யாராவது காணொளி போட்டால் நம்பிவிடாதீர்கள்.

இந்தத் தேடல் எல்லாமே உண்மையின் ஓரத்தைத் தொட்டது. நடுவில் இருந்த ஆளை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

அந்த ஆளைப் பார்த்தவர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் இருந்த ராபின் வாரன் என்ற நோய்க்கூறியல் மருத்துவர். 1979இல், இரைப்பைச் சுவரிலிருந்து கிள்ளி எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மேற்பரப்புச் சளிக்குள் வளைந்த சிறு பாக்டீரியாக்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. அமிலம் கொப்பளிக்கும் வயிற்றில் எந்தக் கிருமியும் உயிர் வாழாது என்பது அன்றைய பாடநூல் வாக்கு. 1981இல் பாரி மார்ஷல் என்ற இளம் மருத்துவர் அவரோடு சேர்ந்தார். கிருமியைத் தட்டில் வளர்க்க எத்தனையோ முறை முயன்றும் முளைக்கவில்லை. வழக்கமாக இரண்டு நாளில் தட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். 1982 ஈஸ்டர் விடுமுறையில் ஆய்வகம் பூட்டிக் கிடந்ததால் தட்டுகள் கூடுதலாகச் சில நாள் அப்படியே கிடந்தன. திரும்பி வந்து பார்த்தால் கிருமி வளர்ந்திருந்தது. சோம்பேறிக் கிருமி, அவசரப்பட்டவர்களுக்கு அது அகப்படவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி. குழாய் விட்டுப் பார்த்தபோது நல்ல நிலையில் இருந்த இரைப்பை அழற்சி கண்டிருந்தது. 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன்பே, 1994இல், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இந்தக் கிருமியை மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. ஹெலிகோபாக்டர் பைலோரி, சுருக்கமாக எச்.பைலோரி.

அமிலத்துக்குள் அது எப்படிப் பிழைக்கிறது என்பதை எண்டோஸ்கோபி அறையிலேயே கண்ணால் பார்க்கலாம். ஒரு சிறு பிளாஸ்டிக் குழிக்குள் மஞ்சள் நிறப் பசை இருக்கும். அதில் யூரியாவும் நிறம் காட்டும் பொருளும் கலந்திருக்கும். கிள்ளி எடுத்த சதையை, கடுகளவுகூட இருக்காது, அதற்குள் அமுக்கி வைப்பார்கள். கிருமி இருந்தால் சதையைச் சுற்றி முதலில் ஒரு வளையம் சிவக்கும். பிறகு பசை முழுக்க அடர்ந்த இளஞ்சிவப்பாகும். சில சமயம் நோயாளி எழுந்து வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் மாறிவிடும். யூரியாவை உடைத்து அமோனியாவாக்கும் நொதியைக் கிருமி ஏராளமாகச் சுரக்கிறது. அந்த அமோனியா, தன்னைச் சுற்றி இருக்கும் அமிலத்தை முறித்துவிடுகிறது. பிறகு வாலைச் சுழற்றிச் சளிக்குள் துளைத்துப் போய்ச் சுவரை ஒட்டிக் குடியேறிவிடும்.

பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், வீட்டு ஆட்களிடமிருந்தே, வாய் வழியாகவோ கழிவு கலந்த நீர் வழியாகவோ இது தொற்றுகிறது. மருந்து கொடுத்து விரட்டாவிட்டால் ஆயுள் முழுக்கத் தங்கும். மனிதனோடு அதற்கு மிகப் பழைய உறவு. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 5,300 ஆண்டுகள் உறைந்து கிடந்த 'பனி மனிதன்' ஓட்சியின் வயிற்றிலும் அது இருந்தது. 2016இல் அதன் மரபணுவைப் படித்தவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருந்தது: இன்றைய ஐரோப்பியரின் கிருமியை விட, நம் தெற்காசிய வயிறுகளில் இருக்கும் இனத்துக்குத்தான் அது நெருக்கம்.

இந்தியாவில் வயதுக்கு வந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களின் வயிற்றில் இது இருக்கிறது. கிருமி இருக்கும் எல்லா வயிற்றிலும் நுண்ணோக்கியில் அழற்சி தெரியும். ஆகவே 'நாள்பட்ட இரைப்பை அழற்சி' என்ற அந்த ஒற்றை வரி, சேந்தமங்கலம் கடைவீதியில் நடமாடுகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பொருந்தக்கூடிய வரி. அவர்களில் மிகப் பலருக்கு வயிற்றில் எந்தத் தொந்தரவும் கிடையாது. தொந்தரவோடு கடைக்கு வருகிறவர்களிலும் பலருக்கு உணவுக்குழாய்க்கு அமிலம் ஏறுவதாலோ, மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் அதே கடையில் வாங்கி விழுங்கும் வலி மாத்திரையாலோதான் எரிகிறது. லாரி பாடி கட்டும் பட்டறைகளில் வேலை பார்க்கிறவர்கள் இந்த வலி மாத்திரைகளை எவ்வளவு சாதாரணமாகப் போடுகிறார்கள் என்பதைப் பற்றித் தனியாகவே ஒரு அத்தியாயம் எழுதலாம்.

கிருமி எல்லாருக்கும் ஒன்று என்றால் விளைவு ஏன் வேறு வேறு? விடை, அழற்சி இரைப்பையில் எந்த இடத்தில் பிடித்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

இரைப்பையின் கீழ்ப்பகுதி, குடலை நோக்கிக் குறுகும் இடம், அமிலம் சுரக்கக் கட்டளை கொடுக்கும் காஸ்ட்ரின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அமிலம் சுரக்கும் சுரப்பிகள் இருப்பதோ நடுவிலும் மேலும் உள்ள அகன்ற பகுதியில். அழற்சி கீழ்ப்பகுதியோடு நின்றுவிட்டால் கட்டளை அதிகமாகும்; மேலே சுரப்பிகள் நன்றாக இருப்பதால் அமிலம் வெள்ளமாக வரும். அந்த அமிலம் வழிந்து முன்சிறுகுடலை அரிக்கும். நெய்யூரில் சாமர்வெல் பார்த்த புண் இதுதான். வலிக்கும், எரியும், பசித்தால் கூடும், நள்ளிரவில் எழுப்பும். இதில் உயிருக்கு ஆபத்து உண்டு: ரத்தம் கசியலாம், குடலில் ஓட்டை விழலாம். ஆனால் அது புற்றுநோய் ஆபத்து அல்ல.

அழற்சி மேலேறி அகன்ற பகுதியையும் பிடித்துக்கொண்டால் கதை வேறு திசையில் போகும். அமிலச் சுரப்பிகள் ஒவ்வொன்றாக அழியும். அமிலம் குறையும். எரிச்சலும் குறையும். "இப்பல்லாம் முன்ன மாதிரி எரியறதில்லீங்க, பசிதான் எடுக்கறதில்ல" என்று ஐம்பதைத் தாண்டிய ஒருவர் சொன்னால், அனுபவமுள்ள மருத்துவர் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இந்த இரண்டு வழிகளும் எவ்வளவு தூரம் விலகிப் போகின்றன என்பதை ஜப்பானில் உவேமுராவும் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு எண்ணிக் காட்டியது. 1,526 பேரைச் சராசரியாக ஏழே முக்கால் ஆண்டுகள் தொடர்ந்து எண்டோஸ்கோபி செய்து பார்த்தார்கள். கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்று வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்குக்கூட வரவில்லை. கிருமி இருந்தும் முன்சிறுகுடல் புண் இருந்தவர்கள் 275 பேர். அவர்களிலும் ஒருவருக்குக்கூட வரவில்லை. 1996இல் ஸ்வீடனில் பெரிய மருத்துவமனைப் பதிவேடுகளை அலசியவர்களும் இதே திசையைத்தான் கண்டிருந்தார்கள்: முன்சிறுகுடல் புண்காரர்களுக்குப் புற்று ஆபத்து பொது மக்களை விடவும் குறைவு, இரைப்பையிலேயே புண் உள்ளவர்களுக்கு அதிகம்.

நெடுங்காலமாக மருத்துவர்களைக் குழப்பிய 'இந்தியப் புதிர்' இங்கேதான் கொஞ்சம் பிடிபடுகிறது. இந்தியாவில் கிருமி ஜப்பானுக்குக் குறையாமல் இருக்கிறது. புற்று மட்டும் அந்த அளவுக்கு இல்லை. நூறு வருடமாக நம் தெற்கு, முன்சிறுகுடல் புண்ணின் நாடாக இருந்தது என்பதே ஒரு தடயம். நம் வயிறுகளில் பெரும்பாலானவை எரியும் பக்கம் சாய்ந்த வயிறுகள். இது முழு விடை என்று சொல்லிவிட முடியாது. கிருமியின் இனம், உணவு, புகையிலை எல்லாம் சேர்ந்துதான் கணக்கு. என்றாலும் தினமும் நெஞ்சு கரிக்கிறது என்று கடை வாசலில் நிற்கிறவருக்கு இதில் ஓர் ஆறுதல் இருக்கிறது.

இப்போது அந்த இரண்டாவது வழியை நுண்ணோக்கி வழியாகப் பார்ப்போம். அதைப் படிப்படியாக எழுதிக் காட்டியவர் கொலம்பியாவைச் சேர்ந்த பெலாயோ கொர்ரேயா. அவருடைய நாட்டில் நரினோ மாகாணத்து ஆண்டிஸ் மலைவாசிகளுக்கு இரைப்பைப் புற்று மிக அதிகம்; அதே மாகாணத்துக் கடலோர மக்களுக்குக் குறைவு. கிருமி இரு இடத்திலும் உண்டு. மலைவாசிகளின் இரைப்பைச் சதைகளை ஆண்டுக்கணக்காகப் பார்த்து, 1975இல் தொடங்கிப் படிப்படியாக அவர் ஒரு வரிசையை நிறுவினார்.

நல்ல இரைப்பைச் சுவரை நிறமேற்றிப் பார்த்தால், நீண்ட குழாய்ச் சுரப்பிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கும். அழற்சி வந்ததும் இடையிடையே கருநீலப் புள்ளிகளாக வெள்ளணுக்கள் வந்து குவியும். பல ஆண்டு கழித்து, சில இடங்களில் சுரப்பிகள் மெலிந்து காணாமல் போகும், இடைவெளி விழும். இதுதான் அட்ரோபி, சுரப்பிச் சிதைவு. அடுத்த கட்டத்தில் அந்த இடைவெளியில் இரைப்பைக்குச் சொந்தமே இல்லாத அணுக்கள் வந்து நிற்கும்: சளி நிறைந்த வெளிறிய கோப்பை வடிவ அணுக்கள், குடலில் இருக்க வேண்டியவை. நெல் நட்ட வயலில் கோரை முளைத்து நிற்பது போல, இரைப்பைச் சுவர் திட்டுத் திட்டாகக் குடல்சுவராகிவிடுகிறது. இந்தக் குடல்மாற்றத்தை அறிக்கையில் இன்டஸ்டைனல் மெட்டாபிளேசியா என்று எழுதுவார்கள். விந்தை என்னவென்றால், இந்தத் திட்டுகளில் எச்.பைலோரிக்கே குடியிருக்கப் பிடிக்காது. வயலைக் கெடுத்துவிட்டு அது நகர்ந்து போயிருக்கும். பரிசோதனையில் 'கிருமி இல்லை' என்றுகூட வரலாம். அதற்கும் அடுத்தது டிஸ்பிளேசியா. அணுக்களின் வடிவமும் ஒழுங்கும் குலையத் தொடங்கும் கட்டம். புற்று அதற்கும் பின்னால். முதல் படியிலிருந்து கடைசிப் படிக்குப் பல பத்தாண்டுகள் ஆகும். பெரும்பாலோர் வழியிலேயே நின்றுவிடுவார்கள்.

ஒவ்வொரு படியிலும் ஆபத்து எவ்வளவு? நெதர்லாந்தில் நாடு தழுவிய நோய்க்கூறியல் பதிவேட்டை வைத்து 2008இல் ஒரு கணக்கு வந்தது. கண்டறிந்த பிறகான ஐந்து ஆண்டுகளில், சுரப்பிச் சிதைவு இருந்தவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவருக்குப் புற்று வந்தது. குடல்மாற்றம் இருந்தவர்களில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பேர். லேசான, மிதமான டிஸ்பிளேசியாவில் ஆயிரத்தில் ஆறு. கடுமையான டிஸ்பிளேசியாவில் நூற்றுக்கு ஆறு. இந்த எண்களை நம் ஊருக்கு அப்படியே கொண்டுவந்து ஒட்டக் கூடாது. ஆனால் படிக்குப் படி எப்படி ஏறுகிறது என்பது மட்டும் தெளிவு. வெறும் 'க்ரானிக் கேஸ்ட்ரைடிஸ்' என்ற தாளுக்காகத் தூக்கம் கெடுவது வீண். கடுமையான டிஸ்பிளேசியா என்று எழுதிய தாளை அலமாரியில் வைத்துப் பூட்டுவது விபரீதம்.

இன்னொரு வகை அழற்சியும் உண்டு. கிருமியே இல்லாமல் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் அமிலச் சுரப்பிகளையே தாக்கும் வகை. அதில் வைட்டமின் பி12-ஐ உறிஞ்ச உதவும் புரதமும் அழிந்துபோவதால், நாக்கு வழவழப்பாகி, பாதம் மரத்து, ரத்தசோகையோடு வருவார்கள். வயிற்றைப் பற்றி வாயே திறக்க மாட்டார்கள்.

சரி, தமிழ்நாட்டில் இரைப்பைப் புற்று எவ்வளவு? முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1982 முதல் சென்னைப் பெருநகரப் புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்தி வருகிறது. அதன் ஆரம்பகாலப் பதிவுகளில் சென்னை ஆண்களுக்கு வரும் புற்றுகளில் இரைப்பை முதல் வரிசையில் இருந்தது. இந்தியாவின் பல நகரங்களை விட இங்கே அதிகம். ஆக, இந்தியப் புதிருக்குள்ளேயே நாம் கொஞ்சம் மேட்டுப் பகுதி. உச்சி எதுவென்றால் மிசோரம். ஐசால் மாவட்டத்தில் ஆண்களுக்கு வரும் இரைப்பைப் புற்று சென்னையைப் போலப் பல மடங்கு. அங்கே புகையில் உலர்த்திய இறைச்சி, பன்றிக் கொழுப்பைப் புளிக்க வைத்துச் செய்யும் சா-உம், புகையிலைப் புகையைத் தண்ணீருக்குள் செலுத்தி வாயில் ஊற்றிக்கொள்ளும் துய்பூர் என்று பல வழக்கங்களை ஆய்வாளர்கள் புற்றோடு தொடர்புபடுத்தியிருக்கிறார்கள்.

நம் ஊர் வழக்கங்களைப் பற்றி நேரடிச் சான்று, அடையாறில் வெ. சாந்தாவும் கஜலட்சுமியும் நடத்தி 1996இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. இரைப்பைப் புற்றுநோயாளிகளின் பழக்கங்களையும் மற்றவர்களின் பழக்கங்களையும் ஒப்பிட்டார்கள். புகை பிடித்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஆபத்து இரண்டு மடங்குக்கும் மேல். எவ்வளவு இளவயதில் தொடங்கினார்களோ அந்த அளவுக்கு மோசம். விட்டவர்களிடம் குறிப்பிடத்தக்க கூடுதல் ஆபத்து தென்படவில்லை. ஊறுகாய் வகைகள் தனியாக ஓர் ஆபத்துக் காரணமாகத் தெரிந்தன. உப்பு அதிகமானால் இரைப்பையின் சளிப் பூச்சு அரிக்கப்பட்டு, கிருமிக்கு வேலை சுலபமாகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். உப்பில் ஊறிய கருவாட்டுக்கும் அதே கணக்குதான். என் அபிப்பிராயத்தில், தயிர்ச் சோற்றுக்கு ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய் தொட்டுக்கொள்கிறவரை மிரட்டுவது அநியாயம். ஊறுகாயைத் தொடாமல், ஒரு நாளைக்கு ஒரு கட்டு பீடி இழுக்கிறவர்தான் கவலைப்பட வேண்டியவர். மிளகாயை எல்லோரும் திட்டுகிறார்கள். எரிச்சலைக் கூட்டுவதில் அதற்குப் பங்கு உண்டு, ஆனால் நெய்யூர் காலத்திலிருந்து அதன் தலையில் கட்டிய பழியில் பெரும்பகுதி கிருமிக்குச் சேர வேண்டியது.

கிருமிதான் வேர் என்றால் எல்லாருக்கும் மருந்து கொடுத்து விரட்டிவிடலாமே? சிலர் செய்தும் பார்த்திருக்கிறார்கள். சீனாவின் லின்ச்சூ மாவட்டத்தில் 1995இல் தொடங்கி, இரண்டே வாரம் மருந்து கொடுத்தவர்களை 22 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். புற்று ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தைவானின் மாட்சு தீவில் 2004 முதல் தீவு முழுக்கச் சோதித்து மருந்து கொடுத்தார்கள்; அங்கும் பாதிக்கு மேல் குறைந்தது. கொரியாவில், பெற்றோர், உடன்பிறந்தார் அல்லது பிள்ளைகளில் ஒருவருக்கு இரைப்பைப் புற்று வந்த குடும்பத்தினரை எடுத்துக்கொண்டார்கள். மருந்து பெற்ற 832 பேரில் 10 பேருக்குப் புற்று வந்தது. வெற்று மாத்திரை பெற்ற 844 பேரில் 23 பேருக்கு.

ஆனால் அந்த நாடுகளில் புற்றே அதிகம். மருந்து கொடுப்பதால் கிடைக்கும் லாபமும் அதிகம். நம் சமவெளியில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரண்டு மூன்று ஆன்டிபயாட்டிக்குகளை அள்ளிக் கொடுத்தால் வேறு சிக்கல் முளைக்கும். ஏற்கெனவே இந்தியாவில் மெட்ரோனிடசோலுக்கு இந்தக் கிருமி பெருமளவு பழகிவிட்டது. கிளாரித்ரோமைசினுக்கும் பழகி வருகிறது. பேதிக்கும் பல்வலிக்கும் அரை அட்டை மெட்ரோனிடசோலைத் தாமே வாங்கிப் போடும் வழக்கம் இதில் சேர்த்தி. ஆகவே இங்கே பொருத்தமானது ஆள் பார்த்துச் சோதிப்பது. இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ புண் இருப்பவர்கள். நெருங்கிய ரத்த உறவில் இரைப்பைப் புற்று வந்தவர்கள். சதைப் பரிசோதனையில் சிதைவோ குடல்மாற்றமோ தெரிந்தவர்கள். இதயத்துக்காக நெடுநாள் ஆஸ்பிரின் சாப்பிட வேண்டியவர்கள். காரணம் தெரியாத இரும்புச்சத்துக் குறைவுள்ளவர்கள். இவர்களுக்குக் கிருமி இருந்தால் விரட்டியே ஆக வேண்டும்.

கடைவாசல் மாத்திரைக்கு வருவோம். பேன்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகள் நல்ல மருந்துகள்; அமிலத்தை உண்மையிலேயே அடக்குகின்றன. சங்கடமும் அதில்தான். ஐம்பதை நெருங்கும் வயதில் புதிதாகத் தொடங்கிய வயிற்றுத் தொந்தரவு, கொஞ்சம் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்துபோவது, எடை இறங்குவது, விழுங்கும்போது அடைப்பது, தாரைப் போல மலம் கறுத்துப் போவது, காரணமில்லாத ரத்தசோகை, தொடர் வாந்தி ஆகிய இவற்றில் எது இருந்தாலும் அட்டை வாங்குவதை நிறுத்திவிட்டு ஸ்கோப்புக்குப் போக வேண்டும். மாத்திரை இந்த அறிகுறிகளில் சிலவற்றை மாதக்கணக்கில் மறைத்து வைக்கும். போதாததற்கு, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே எச்.பைலோரி சோதனை செய்தால் கிருமி பதுங்கிக்கொண்டு 'இல்லை' என்று காட்டும்.

ஸ்கோப்பு அறிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'இரைப்பை சிவந்திருக்கிறது, கேஸ்ட்ரைடிஸ்' என்று கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து எழுதுகிற அறிக்கைகள் ஏராளம். சிவப்பும் நுண்ணோக்கியில் தெரியும் அழற்சியும் பல சமயம் ஒத்துப்போவதில்லை. புற்று ஆபத்தை எடை போட வேண்டுமானால் சதை வேண்டும்; அதுவும் ஒரே இடத்திலிருந்து ஒரு துண்டு போதாது. கீழ்ப்பகுதியில் இரண்டு, வளைவில் ஒன்று, அகன்ற பகுதியில் இரண்டு என்று ஐந்து துண்டுகள் எடுத்து, இடம்வாரியாகத் தனித்தனிக் குப்பியில் அனுப்புவது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட முறை. அப்போதுதான் அழற்சி கீழே நின்றிருக்கிறதா, மேலேறியிருக்கிறதா, சிதைவு எத்தனை தூரம் பரவியிருக்கிறது என்று சொல்ல முடியும். குடும்பத்தில் இரைப்பைப் புற்று இருந்தவர்கள் குழாய் இறக்குவதற்கு முன்பே மருத்துவரிடம், "எங்கம்மாவுக்கு இருந்துச்சுங்க, சதை எடுத்துப் பாத்துடுங்க" என்று சொல்லிவிடுவது நல்லது. மயக்கம் தெளிந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

கிருமியை விரட்டினால் அழற்சி அடங்கும். சுரப்பிச் சிதைவு பலருக்கு மெல்ல மெல்லத் திருந்தும். குடல்மாற்றம் மட்டும் பெரும்பாலும் திரும்பாது; அது பரவலாக இருந்தால், கிருமி போன பிறகும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஸ்கோப்பு பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். இடையில் டிஸ்பிளேசியா தலைகாட்டினால், வயிற்றைக் கிழிக்காமல் அதே குழாய் வழியாகச் சீவி எடுத்துவிட முடிகிற காலம் இது.

கிருமியை விரட்டும் பதினான்கு நாள் மருந்தை, அதன் கசப்பையும் வாயில் வரும் உலோகச் சுவையையும் பொறுத்துக்கொண்டு முடித்தவர்களில் பலர் ஒரு வேலையைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். மருந்து முடிந்து குறைந்தது நான்கு வாரமும், அமில மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரமும் ஆன பிறகு, யூரியா குடித்து மூச்சை ஊதும் சோதனையோ மலப் பரிசோதனையோ செய்து, கிருமி போய்விட்டதா என்று பார்க்க வேண்டும். போகாவிட்டால் அதே கூட்டு மருந்தை மறுபடி வாங்கக் கூடாது; பிஸ்மத் சேர்ந்த வேறு கூட்டு மருந்துக்கு மாற வேண்டும். எரிச்சல் நின்றுவிட்டதே என்று இந்தச் சோதனையை விடுகிறவர்கள்தான் அதிகம்.